முட்டுக்கட்டையின் பெருமை

ஒரு நற்கருமத்துக்கு இடையூறு செய்பவனை "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று பழிப்பது தமிழர் வழக்கு. ஆயின், தேர்த் திருவிழாவைக் கண்டோர் முட்டுக்கட்டையைப் பழிக்கமாட்டார். வடம் பிடித்து இழுப்போர் நூற்றுக்கணக்கானோர். சக்கரத்தின் அருகே, கையில் மரக்கட்டையுடன் கண் இமையாது நடப்போர் சிலரே. தேரை ஓடவைப்பது பலர் பலம்; அதனைத் திருப்புவதும் நிறுத்துவதும் இந்தச் சிலரின் திறம். கட்டை ஒரு கணம் பிந்தினால் திருவிழா துயரவிழாவாகிவிடும். மலைநாட்டிலே தம் கையால் வண்டி கட்டி ஓட்ட விழையும் ஒவ்வொருவரும் முதலிற் பாடம் கேட்கவேண்டியது இந்தச் சிலரிடத்தேதான்.

வீட்டிற் கட்டிய வண்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஹட்டனிலோ, தலவாக்கலையிலோ, நுவரெலியாவிலோ மோட்டார் திருத்தும் பட்டறையின் பின்புறத்தில் தேய்ந்து கழிந்த பேரிங்குகள் கிடக்கும். அவற்றுள் நான்கைத் தேடி எடுத்து, இரண்டு மரச்சட்டங்களின் முனைகளிற் செருகி, மேலே ஒரு பலகையை அறைந்துவிட்டால் வண்டி தயார். முன்சட்டத்தை மட்டும் ஆணியால் இறுக்காமல், நடுவே ஒரு போல்ட்டை மாட்டித் திரும்பவிடுவார்கள். அதன் இரு முனைகளிலும் கட்டிய கயிறே கடிவாளம். இழுக்க மாடும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், மலையே இழுக்கும். தார்வீதியில் இரும்பு உராயும் ஓசை அடுத்த லயத்துக்குக் கேட்கும். நிறுத்துவது எப்படி? பின்சில்லின்மேல் அழுத்த ஒரு கட்டை, அதன் அடியில் ஒட்டிய பழைய செருப்புத் துண்டு. அதுவும் இல்லையேல் குதிகாலே துணை.

இதனைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாகாது. திசைதிருப்பும் அச்சு, பாரம் தாங்கும் சட்டம், உராய்வைக் குறைக்கும் குண்டுகள், உராய்வைக் கூட்டும் தடுப்பு ஆகிய நான்கும் உலகின் எல்லா ஊர்திகளுக்கும் அடிப்படையானவை. அந்நான்கையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானே கைதொட்டு அறிந்துகொள்கிறான். எனினும், சமவெளியிலே வண்டி கட்டுவோன் "இது ஓடுமா?" என்று கேட்கிறான், மலையிலே கட்டுவோன் "இது நிற்குமா?" என்றே கேட்கவேண்டும். இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டே காட்டலாம்.

பத்தடி நடந்தால் ஓரடி இறங்கும் சரிவு மலைநாட்டுப் பாதைகளில் அரிதன்று. அத்தகைய சரிவில் 300 கிலோ பாரமுள்ள வண்டியை மலை ஏறக்குறைய 30 கிலோ விசையுடன் கீழ்நோக்கி இழுக்கும். உராய்வு சிறிதும் இல்லையெனக் கொண்டால், 30 மீற்றர் உயரம் இறங்கி முடியும்போது அந்த வண்டியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 87 கிலோமீற்றராக இருக்கும். பாரம் கூடினாலும் குறைந்தாலும் இந்த வேகம் மாறாது. ஆனால் அதனை நிறுத்துவதற்குத் தேவையான ஆற்றல் பாரத்தோடு வளரும். அவ்வாற்றல் முழுவதும் தடுப்புக் கட்டையில் வெப்பமாகவே வெளிப்படவேண்டும். மேற்சொன்ன 300 கிலோ வண்டியை 30 மீற்றர் இறக்கும்போது எழும் வெப்பம், கால் லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒரு பெரிய கோப்பைத் தேநீருக்கான அச்சூடு, உள்ளங்கையளவு செருப்புத் துண்டில் ஒரு நிமிடத்தில் இறங்கினால் அது கருகாமல் என்ன செய்யும்? மழையும் மூடுபனியும் சேர்ந்துவிட்டாலோ, நனைந்த ரப்பர் பிடிக்கவே மறுத்துவிடும்.

இத்தனை ஆபத்து இருக்க, வீட்டிலே வண்டி கட்டும் முயற்சியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சொல்ல மலைநாட்டுக்கு உரிமை கிடையாது. ஏனெனில், இம்மலைநாட்டின் பெருந்தொழிலே ஒரு வீட்டுத் திண்ணையில் பிறந்தது. 1867ஆம் ஆண்டு கண்டிப் பகுதியின் லூல்கந்துரா தோட்டத்திலே 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். அவருடைய முதல் ஆலை அவர் குடியிருந்த பங்களாவின் திண்ணையே. கொழுந்தை மேசைமேல் இட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அழுத்தி உருட்டினர். களிமண் அடுப்பிலே கரிநெருப்பால் உலர்த்தினர். பின்னர், 1872ஆம் ஆண்டளவில், கொழுந்தை உருட்டுவதற்கு ஒரு பொறியை அவரே சமைத்துக்கொண்டார். கையில் இருந்ததைக்கொண்டு இல்லாததைச் செய்த அந்தத் துணிவிலிருந்து வளர்ந்ததே இன்று மலைமுகடுகளில் நிற்கும் மாடி மாடியான தேயிலைத் தொழிற்சாலைகள்.

கடல் கடந்தும் இத்துணிவுக்குச் சான்றுகள் உண்டு. கோயம்புத்தூரில் வாழ்ந்த ஜி. டி. நாயுடு ஒரே ஒரு பேருந்துடன் தொழில் தொடங்கி, பொறிகள் பலவற்றைத் தாமே ஆக்கியவர். 1952ஆம் ஆண்டிலே அவர் இருவர் அமரும் பெற்றோல் காரொன்றை 2,000 ரூபா விலையில் அமைத்துக் காட்டினார். உற்பத்திக்கு அரசின் அனுமதி கிட்டாமையால் அது பெருகவில்லை. சென்னைத் தெருக்களிலோ, பெயரறியாத பட்டறைக்காரர்கள் மூன்று சில்லு வண்டிக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பூட்டி, முன்னே பாரத்தையும் பின்னே ஓட்டுபவனையும் அமர்த்தி, மீன்பாடி வண்டி என்ற ஒன்றைப் படைத்துவிட்டார்கள். வட இந்தியாவில் கிணற்று நீர் இறைக்கும் டீசல் எஞ்சினை மரச்சட்டத்தின்மேல் ஏற்றி, ஊர்ச் சனங்களையெல்லாம் சுமக்கும் வண்டியாக்கினார்கள். ஜுகாட் என்பது அதன் பெயர்.

இவற்றின் கதை எங்கே போய் முடிந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. பதிவுமில்லை, காப்புறுதியுமில்லை, நம்பத்தக்க பிரேக்குமில்லை. விபத்தில் அடிபட்டவருக்கு இழப்பீடு கேட்க வழியுமில்லை. ஆகையால், ஜுகாட் வண்டிகளும் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உட்பட்டவையே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு தீர்ப்பளிக்க நேர்ந்தது. இலங்கையிலும் பொதுவீதியில் மோட்டார் வண்டி ஓட்டுவதை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சட்டத்தை முட்டுக்கட்டை என்று சலித்துக்கொள்வோர் உளர். அது உண்மையே, தேருக்கு வேண்டிய முட்டுக்கட்டை எதுவோ, அதுவே இதுவும்.

சட்டத்தையும் மதித்து, உழவனின் தேவையையும் நிறைவேற்றிய ஊர்தியொன்று இலங்கையரின் கைவண்ணத்திலேயே பிறந்தது. கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கங்களில் கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிச் செல்லும் இருசில்லு உழவு இயந்திரத்தை அறியாதவர் இலர். எந்தக் கொம்பனி செய்ததாயினும் நாட்டு மக்கள் அதனை "லேண்ட் மாஸ்டர்" என்றே அழைப்பர். அப்பெயருக்குரிய முதற்பொறியை 1950களிலே வடிவமைத்தவர் ரே விஜேவர்தன என்னும் இலங்கைப் பொறியியலாளர். 1924இல் பிறந்து 2010இல் மறைந்த அவர், கேம்பிரிட்ஜில் வானூர்திப் பொறியியல் பயின்றவர். சிறு வானூர்திகளைத் தாமே வடிவமைத்து, தாமே கட்டி, தாமே பறந்தும் காட்டியவர். அவருடைய லேண்ட் மாஸ்டரை இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரத்துத் தொழிலகமொன்று உற்பத்தி செய்து உலகெங்கும் விற்றது. வயலை உழப் பிறந்த அப்பொறியின் பின்னே பெட்டியொன்றைப் பூட்டியதும், அது சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் திருமண வீட்டுக்கும் போகும் வண்டியாயிற்று.

இவ்வியந்திரத்தை மலைச்சரிவில் ஓட்டுவோர் அறிந்திருக்கவேண்டிய மறைபொருள் ஒன்றுண்டு. அதன் இரு கைப்பிடிகளிலும் இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். இடப்பக்க நெம்புகோலை அழுத்தினால், இடச்சில்லுக்கும் எஞ்சினுக்கும் உள்ள தொடர்பு அறும்; வலச்சில்லு மட்டும் உந்தும்; வண்டி இடப்பக்கம் திரும்பும். சமநிலத்திலும் ஏற்றத்திலும் இதுவே நடைமுறை. இறக்கத்திலோ எஞ்சின் வண்டியை உந்துவதில்லை. பாரம் வண்டியை உந்த, எஞ்சின் அதனைத் தடுத்துப் பிடிக்கிறது. அந்நிலையில் இடப்பக்க நெம்புகோலை அழுத்தினால், தொடர்பு அறுந்த இடச்சில்லு கட்டவிழ்ந்து முந்தும். எஞ்சின் பிடித்திருக்கும் வலச்சில்லு பிந்தும். வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும்! இடத்தே மலையும் வலத்தே பள்ளமும் உள்ள வளைவொன்றில் இதன் விளைவு என்னவென்று விரித்துரைக்கத் தேவையில்லை. ஏற்றத்திற் கற்ற பழக்கம் இறக்கத்தில் எதிரியாகும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேறில்லை. ஆதலால், செங்குத்தான இறக்கத்தில் அந்நெம்புகோல்களைத் தொடாது, மிகக் குறைந்த கியரில், கைப்பிடியைத் தள்ளியே திருப்பவேண்டும் என்பது தேர்ந்த ஓட்டுநரின் விதி.

இனி, தாமே எஞ்சின் பூட்டி வண்டி கட்ட எண்ணும் இளைஞரின் செய்திக்கு வருவோம். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மூன்று குதிரைவலுப் பெற்றோல் எஞ்சின் ஒன்று கிடைக்கிறதென வைத்துக்கொள்வோம். 300 கிலோ பாரத்தைப் பத்துக்கு ஒன்றான ஏற்றத்தில் நடைவேகத்தில் ஏற்றுவதற்கு, உராய்வையும் சேர்த்து, ஒரு குதிரைவலுவே போதும். ஆகவே வலுவுக்குப் பஞ்சமில்லை. வேகத்தைக் குறைப்பதுதான் பாடு. எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்றுச் சுற்றும். 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லு நடைவேகத்துக்கு நிமிடம் 60 சுற்றுச் சுற்றினாற் போதும். எனவே, அறுபது சுற்றை ஒரு சுற்றாகக் குறைக்கும் பல்சக்கரத் தொகுதியோ, சங்கிலித் தொகுதியோ இடையில் வேண்டும். இக்குறைப்பை அஞ்சி, பெரிய கப்பியும் சிறிய கப்பியுமாக ஒரே பட்டியுடன் முடித்துவிடுவோரே பலர். அவர்களுடைய வண்டி மேட்டில் திணறும், பள்ளத்திற் பாயும்.

பட்டியில் வேறொரு குறையும் உண்டு. பட்டியைத் தளர்த்தினால் எஞ்சின் தனித்து ஓடும். இறுக்கினால் வண்டி நகரும். செலவில்லாத எளிய கிளச் இது. ஆனால் இறக்கத்தில் பட்டி வழுகினாலோ கழன்றாலோ எஞ்சினின் பிடி அக்கணமே போய்விடும். ஆகவே எஞ்சினின் பிடியை மட்டும் நம்பாது, சில்லிலேயே தனிப் பிரேக் இருக்கவேண்டும். அதுவும் ஒன்று தவறினால் மற்றொன்று பிடிக்குமாறு இரண்டாக இருக்கவேண்டும். பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினைத் தேடுவோர், அதன் பிரேக் தொகுதியையும் உடன்தேடுவது அறிவுடைமை.

இத்துணை நுட்பத்தையும் கைக்கொண்டு கட்டும் வண்டி யாருக்காக ஓடவேண்டும்? இக்கேள்வி பிரேக்கைப்போலவே முக்கியமானது.

நுவரெலியாவுக்கு அருகே மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையிலே 1934ஆம் ஆண்டு மோட்டார் மலையேற்றப் பந்தயம் ஒன்று தொடங்கியது. ஏப்ரல் வசந்தகாலத்தின் பெருவிழாக்களில் ஒன்றாக அது புகழ்பெற்றது. அத்தகைய பந்தயங்களில் சொந்தப் பட்டறையிற் கட்டிய விசித்திரமான கார்களும் ஏறுவது உலக வழக்கு. வினாடியையும் பகுத்து அங்கே வேகம் அளக்கப்படும். அத்தகைய தோட்டத்துச் சரிவுகளிலேதான் கொழுந்தெடுக்கும் பெண்களும் நாள்தோறும் ஏறி இறங்குகிறார்கள். அவர்களுடைய ஏற்றத்தை அளக்கக் கடிகாரம் இல்லை. மடுவத்துத் தராசு மட்டுமே உண்டு.

அத்தராசின் கணக்கையும் சற்று நோக்கலாம். தோட்டத்துக்குத் தோட்டம் மாறுபடினும், நாளொன்றுக்குப் 18 கிலோ அளவிற் கொழுந்து எதிர்பார்க்கப்படுவது வழக்கம். நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலை ஆகும். எனவே அப்பெண் சுமக்கும் 18 கிலோவில் நான்கு கிலோதான் தேயிலை. எஞ்சிய பதினான்கும் தண்ணீர். மழைநாளில் இலைமேல் நிற்கும் நீரும் அதனோடு சேரும். இவ்வளவையும் தலையிலே கயிறிட்டு முதுகிலே தாங்கி, ஒற்றையடிப் பாதையால் மடுவத்துக்குக் கொண்டுசெல்கிறாள். அங்கிருந்து கொழுந்து லொறியிலோ உழவு இயந்திரத்திலோ தொழிற்சாலைக்குப் போகும். முற்காலத்தில் பல தோட்டங்களில் மலையுச்சியிலிருந்து தொழிற்சாலைவரை இரும்புக் கம்பி இழுத்து, கொழுந்துச் சாக்கைக் கொளுவி வழுக்கிவிட்டார்கள். கொழுந்து பறந்து சென்றது. பறித்தவள் நடந்தே சென்றாள். கொழுந்து வாடாமலும் நசுங்காமலும் விரைந்து ஆலை சேரவேண்டும் என்ற கவலையால் கம்பிவழி பிறந்தது. முதுகு வளையாதிருக்கவேண்டும் என்ற கவலையாற் பிறந்த பொறி எது?

செய்யமுடியாத காரியமன்று இது. யப்பான் நாட்டிலே செங்குத்தான மலைச்சரிவுகளில் தோடம்பழத் தோட்டங்கள் உள. 1960களிலே அங்குள்ளவர்கள் ஒரு புதுமையான ஊர்தியைக் கண்டனர். தரைக்குச் சற்று மேலே, ஊன்றுகால்களின்மீது ஒற்றைத் தண்டவாளம். அதன் அடியிற் பற்கள். அப்பற்களைப் பற்றி ஏறும் பல்சக்கரம். மேலே சிறு பெற்றோல் எஞ்சின். பின்னே பழக்கூடை ஏற்றும் தட்டு. பார்வைக்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றும் இது, படியேறவே அஞ்சும் சரிவில் மனித நடைவேகத்தில் ஏறி இறங்கும். இறக்கத்தில் வேகம் மிகுமானால் தானே இறுகும் தடுப்பும் அதில் உண்டு. பாதை அகலமாகும்வரை காத்திராமல், ஒற்றையடிப் பாதைக்கேற்ற வண்டியை அவர்கள் அமைத்தார்கள். சரிவான தேயிலை மலைகளின் தேவையும் இதனை ஒத்ததே.

ரே விஜேவர்தனவின் வாழ்வும் இவ்விடத்திலே வழிகாட்டுகிறது. தாம் படைத்த லேண்ட் மாஸ்டர் உலகெங்கும் விலைபோன பிறகு, அதனால் உழவனுக்கு உண்மையில் என்ன மிஞ்சியது என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். தாம் வேளாண்மையை இயந்திரமயமாக்கவில்லை, எருமையை மட்டுமே இயந்திரமயமாக்கினோம் என்ற முடிவுக்கு வந்தார். எருமை பாலும் எருவும் கன்றும் தரும்; இயந்திரம் எண்ணெய் கேட்கும். அதன்பின் அவர் மண்ணைக் காக்கும் வேளாண்முறையில் நாட்டம்கொண்டார். சரிவு நிலங்களில் சமவுயரக் கோடுகளில் கிளிரிசிடியா போன்ற மரங்களை வேலியாக நட்டு, மண்ணரிப்பைத் தடுக்கும் முறையைப் பரப்பினார். ஓடும் பொறியைப் படைத்தவரே ஓடும் மண்ணைத் தடுத்து நிறுத்த முனைந்தார். தம் புகழுக்குத் தாமே முட்டுக்கட்டை இட்டு, திசையைத் திருப்பிக்கொண்ட பெருமை அவருடையது.

மலையகத்து இளைஞரிடத்தே கைத்திறன் உண்டு. பழையதைப் புதியதாக்கும் கற்பனையும் உண்டு. பாடசாலைகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் அவர்களுக்குக் கொடுக்கவேண்டியவை மூன்று. முதலாவது, கழிந்த பொருள்களைச் சேர்த்துவைத்து, ஆசிரியர் மேற்பார்வையில் அவிழ்த்தும் பூட்டியும் பழக ஒரு பட்டறை. இரண்டாவது, விசையையும் உராய்வையும் கரும்பலகையில் மட்டும் எழுதாது, சரிவிலே நிறுத்திய வண்டியில் அளந்து காட்டும் கல்வி. மூன்றாவது, கட்டிய வண்டியைப் பொதுவீதியில் விடாது, பாரமேற்றிச் சோதிக்க வேலியிட்ட ஒரு சரிவு. தோட்ட நிருவாகங்களும் தம் பங்குக்கு, மடுவத்துக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் எவை மிகச் செங்குத்தானவை என்பதைக் கொழுந்தெடுக்கும் பெண்களிடமே கேட்டறிந்து, அப்பாதைகளை இவ்விளைஞர்களுக்குப் பரீட்சைக் கணக்காகக் கொடுக்கலாம்.

அப்பட்டறைகளில் ஒரு விதியை மட்டும் எழுதி வைத்தாற் போதும்: எஞ்சின் பூட்டுமுன் வண்டியில் முழுப் பாரத்தையும் ஏற்றி, மிகச் செங்குத்தான சரிவிலே பிரேக்கை இட்டு நிறுத்துக, கீழே ஒருவரும் நிற்கலாகாது, ஒரு மணி நேரம் அசையாது நின்றால், அதன்பின் எஞ்சினைப் பற்றிப் பேசலாம். இவ்விதியைக் கடந்துவரும் முதல் வண்டி அழகற்றதாக இருக்கலாம், ஓசை மிக்கதாக இருக்கலாம், நடைவேகத்தைத் தாண்டாததாகவும் இருக்கலாம். 18 கிலோ கொழுந்தை ஒரு பெண்ணின் முதுகிலிருந்து இறக்கித் தன் முதுகில் ஏற்றிக்கொள்ளுமானால், மலைநாடு கண்ட ஊர்திகளுள் அதற்கு நிகரானது வேறொன்றில்லை.